பழமையும் பழசும்: தங்கவயலின் லைன் வீடுகள்

(சாம்பியன் ரீஃப் பகுதியில் நடந்த வாசகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆய்வு மாணவி என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அது சரிதான். ஆனால் இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு நான் இன்னாருடைய பேத்தி என்றால்தான் தெரியும். என் தாத்தா அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். நான் பிறந்து வளர்ந்தது லைன் வீட்டில். ஆகவே இன்று பேசப்போவது என் ஆய்வைப் பற்றியும்தான், என் வீட்டைப் பற்றியும்தான்.

கொஞ்ச நாளுக்கு முன் நம் ஊரில் ஒரு பாரம்பரிய நடைப்பயணம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. நானும் போனேன். துரைமார் பங்களாக்களைக் காட்டினார்கள். கிளப்பைக் காட்டினார்கள். ஓட்டுக்கூரை, வராந்தா, கணப்படுப்பு, தோட்டம், கல் மதில் எல்லாவற்றையும் அழகாக விளக்கினார்கள். 'மினி இங்கிலாந்து' என்ற வார்த்தையைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். வழிகாட்டிய தம்பி நல்ல பையன், நிறையப் படித்திருந்தான். கூட்டம் லைன் பக்கம் திரும்பியதும், "இந்தப் பக்கம் பார்க்க ஒண்ணும் இல்லை, பழைய குவார்ட்டர்ஸ்தான், வாங்க போகலாம்" என்றான்.

வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்பா, அந்த பங்களா எந்த வருசத்துதுன்னு அத்தினி பேருக்கும் சொன்னியே, எங்க லைன் வூடு எந்த வருசத்துது? அத்த சொல்லவே இல்லியே?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து படித்தவள் நான். எந்த ஷாஃப்ட் எத்தனை அடி ஆழம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். நான் பிறந்த வீடு எந்த வருடம் கட்டியது என்று எனக்குத் தெரியாது. அந்த ஆயாவின் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்தப் பேச்சு.

நம் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று பழமை, இன்னொன்று பழசு. பங்களாவுக்குப் பழமை என்கிறோம், லைனுக்குப் பழசு என்கிறோம். பழமையைப் பாதுகாக்க வேண்டும். பழசை இடித்துவிடலாம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே காலத்தில், ஒரே தங்கத்திலிருந்து வந்த காசில் கட்டியவை. பிறகு ஒன்று எப்படிப் பழமை ஆனது, மற்றது எப்படிப் பழசு ஆனது?

முதலில் ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1802-இல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார லெப்டினன்ட் மைசூர் ராஜ்ஜியத்தின் கிழக்கு எல்லையை அளக்க வந்தபோது, இங்கே தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்படுகிறார். ஊர்காம், மாரிகுப்பம் ஊர்க்காரர்கள் மண்ணை அலசித் தங்கத் துகள் எடுத்துக் காட்டுகிறார்கள். வாரன் 'கண்டுபிடித்தார்' என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவருக்குக் காட்டிக் கொடுத்தவர்களுக்கு அது முன்பே தெரியும் என்பதைப் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை. 1870-களில் லாவெல் என்பவர் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி உள்ளே வந்தது. அதன் பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று பெரிய சுரங்கங்கள் எழுந்தன.

1880 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அதற்குச் சற்று முன்னால், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம். வட ஆர்க்காட்டிலும் சேலத்திலும் சித்தூர்ப் பக்கத்திலும் பண்ணையாளாகக் கிடந்த நம் ஆட்களுக்குக் கூலி என்றால் தானியம். அதுவும் ஆண்டை மனம் வைத்தால். இங்கேயோ கையில் காசு கொடுத்தார்கள். அப்படித்தான் குடியாத்தம், வேலூர், திருப்பத்தூர் வட்டாரத்துச் சேரிகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000 பேருக்கு மேல் இங்கே வேலை செய்தார்கள். அண்டர்கிரவுண்டில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள்.

'சாதியிலிருந்து தப்பித்து வந்தோம்' என்று சொல்வது பாதி உண்மைதான். ஆண்டையிடமிருந்து தப்பித்தோம். மேஸ்திரியிடமும் கான்ட்ராக்டரிடமும் வந்து சேர்ந்தோம். முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தவர் கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொண்டார். வேலையின் படிநிலையும் தெளிவாக இருந்தது. மேலே ஐரோப்பியர், அடுத்து ஆங்கிலோ-இந்தியர், காவலுக்குப் பஞ்சாபிகள், கடைசியில் பாறைக்குள் இறங்க நாம். தங்கம் கலந்த கல் ஒரு துண்டு கணக்கில்லாமல் கையில் இருந்தாலே குற்றம் என்று மைசூர் அரசு சட்டம் போட்டது. பூமிக்குள்ளிருந்து கல்லைக் கொண்டுவந்தவன் கையில் அந்தக் கல் இருந்தால் அவன் திருடன்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

கம்பெனி துரைமார்களுக்குக் கல்லாலும் செங்கல்லாலும் பங்களா கட்டியது. தொழிலாளிக்குக் கட்டியது தட்டி வீடு. மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டிதான் சுவர். ஒரே அறை. அதற்கும் வாடகை. பிறகு தகரக் கூரை வந்தது, செங்கல் சுவர் வந்தது. என் ஆயா சொல்வார்: "தட்டிக்கு மண்ணு பூசறது பொம்பளைங்க வேல. மழ முடிஞ்சா ஒருவாட்டி, பொங்கலுக்கு ஒருவாட்டி. பூசாம வுட்டா காத்து நேரா உள்ள வரும்." அதாவது கம்பெனி கொடுத்தது தட்டி, அதை வீடாக்கியது நம் பெண்கள்.

ஏன் தட்டி? தொழிலாளிக்கு அதுதான் பழக்கம், அவன் ஊரில் குடிசையில்தானே இருந்தான் என்று ஒரு காரணம் சொல்வார்கள். தங்கம் என்றைக்காவது தீர்ந்துவிடும், எதற்குப் பெரிய செலவு என்று இன்னொரு காரணம். பிளேக் வந்தால் பிரித்துப் போடவும் எரிக்கவும் வசதி என்று மற்றொன்று. இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தங்கம் தீர்ந்தால் ஊர் காலியாகும் என்றால் பங்களாவும்தானே காலியாகும்? அதையும் தட்டியில் கட்டியிருக்கலாமே! ஒரே பாறைக்கு மேலே ஒருவனுக்குக் கல் வீடு, மற்றவனுக்கு மூங்கில் வீடு. இதில் கணக்கு மட்டும் இல்லை. சேரிக்காரனுக்குச் சுவர் தேவையில்லை என்று ஊர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தது. கிராமத்தில் ஓடு போடக்கூடாது, மாடி கட்டக்கூடாது என்று நம்மைத் தடுத்தவர்கள் இருந்தார்கள். லண்டன் கம்பெனி அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. அதில் தனக்கு லாபம் இருப்பதைப் பார்த்தது.

அதனால்தான் சொல்கிறேன். இன்றைக்கு பங்களா நிற்கிறது, தட்டி வீடு நிற்கவில்லை என்றால், அது காலம் செய்த வேலை இல்லை. நிற்கக்கூடாது என்று நினைத்தே கட்டியது அது. நூறு வருடம் கழித்து வந்து, 'எது நிற்கிறதோ அதுதான் பாரம்பரியம்' என்று பட்டியல் போட்டால், கம்பெனி அன்று செய்த பாகுபாட்டுக்கு நாம் இன்று முத்திரை குத்துகிறோம்.

மின்சாரத்தைப் பற்றியும் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். உண்மையில் பெரிய விஷயம்தான். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 148 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூருக்கே 1905-இல்தான் வந்தது. ஆனால் அது எதற்கு வந்தது? இயந்திரம் ஓட வந்தது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனார்கள். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். பாறை வெடிப்பில் செத்தவர்கள் உண்டு. தூசியை மூச்சில் இழுத்து, சிலிகோசிஸ் வந்து, நெஞ்சு காய்ந்து செத்தவர்கள் அதைவிட அதிகம் என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள். ஏறக்குறைய 120 வருடத்தில் இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். ஷாஃப்ட்டுகளின் பெயரைப் பாருங்கள்: கிஃபோர்ட், எட்கர், ஹென்றி. இறங்கியவன் பெயரில் ஒரு ஷாஃப்ட் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

தோழர்களே, இதோடு முடித்தால் இது வெறும் துயரக் கதை. நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நம் ஆட்கள் பாவம் என்று எழுத அவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஒற்றை அறை வீடுகளில் நடந்தது அது மட்டும் இல்லை.

1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது, மறு வருடம் அது 'தமிழன்' ஆனது. அந்தப் பத்திரிகையை வாங்கி, படித்து, கேள்வி எழுதி அனுப்பி, காசு கொடுத்துத் தாங்கிய ஊர்களில் முக்கியமான ஊர் இது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் சங்கக் கிளைகள் இருந்தன. ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்து புத்தர் சரித்திரம் கேட்டார்கள், சாதி எப்போது வந்தது என்று விவாதித்தார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தார். பிறகு நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை 1926-இல் ஜி. அப்பாதுரையார் மறுபடி நடத்தியது தங்கவயலிலிருந்துதான். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை மறுபதிப்பாக அச்சிட்டதும் இங்கேதான்.

1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகுதான் அயோத்திதாசர் பெரிய விவாதமானார். அந்தப் பழைய இதழ்கள் எங்கே இருந்தன? பெரிய நூலகங்கள் சேர்த்து வைக்க வேண்டியதை, தங்கவயல், திருப்பத்தூர் வட்டாரத்துப் பௌத்தக் குடும்பங்கள் பெட்டிக்குள் காப்பாற்றி வைத்திருந்தன. மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே, ஆறு பேர் படுக்கிற அறையில், டிரங்குப் பெட்டிக்குள் காகிதத்தைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்வது என்ன பாடு என்று லைனில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். என் ஆய்வுக்கு அடிப்படையே அந்தப் பெட்டிகள்தான். தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் லைன் வீட்டுக்கு இப்படி ஒரு இடம் இருக்கும்போது, 'பார்க்க ஒண்ணும் இல்லை' என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முடிவு செய்தது. ஒரு சுரங்கத்தில் தகராறு செய்தவன் வேறு பெயரில் இன்னொரு சுரங்கத்தில் சேர்ந்துவிடக்கூடாது என்பதுதான் நோக்கம். கைரேகை எடுப்பது குற்றவாளிகளிடம் செய்வது, நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. இந்தப் போராட்டத்தை வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் விரிவாக எழுதியிருக்கிறார். நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அவர்களுக்குக் கூட்டம் போட மண்டபம் கிடையாது. லைனுக்கும் லைனுக்கும் நடுவே இருக்கும் சந்துதான் மண்டபம். இந்தப் பக்கம் ஒருவர் பேசினால் தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். எட்டிப் பார்க்கும் காவலாளியை முதலில் பார்ப்பது வாசலில் அரிசி புடைக்கும் பெண்கள். லைனின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் போராட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

இதே லைன்களில்தான் பிறகு செங்கொடியும் நீலக்கொடியும் பக்கத்துப் பக்கத்தில் பறந்தன. சி.எம். ஆறுமுகம் இந்தியக் குடியரசுக் கட்சியின் சார்பில் இங்கே சட்டமன்ற உறுப்பினரானார். அம்பேத்கரின் கட்சியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய வாக்குகள் இந்தத் தெருக்களின் வாக்குகள்.

சுரங்கம் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அப்போது எனக்கு எட்டு வயது. சங்கு ஊதாத முதல் காலை எனக்கு நினைவிருக்கிறது. ஆயா எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மணி எத்தினி? மணி எத்தினி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. சங்குதான் கடிகாரம். இன்று அந்தச் சங்குக்குப் பதிலாக மாரிகுப்பம் ரயில். விடிவதற்கு முன்னாலேயே ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் இந்த அரங்கிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நம் ஊர் எல்லோருக்கும் தேவைப்படுகிறது. சினிமாவுக்குத் தேவைப்படுகிறது. 2018-இல் நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு படம் வந்து நாடெங்கும் ஓடியது. அதில் சுரங்கம் இருந்தது, அடிமைகள் இருந்தார்கள், அவர்களைக் காப்பாற்ற ஒரு வீரன் வந்தான். நம் சங்கம் இல்லை, நம் விகாரை இல்லை, அம்பேத்கர் இல்லை. சுற்றுலாவுக்கு பங்களா தேவைப்படுகிறது. சயனைடு மண் மேடுகளும் தேவைப்படுகின்றன. 13 மேடுகளில், 1,003 ஏக்கரில், மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காற்றடித்தால் அந்த மேட்டு மண் நம் சோற்றில் விழும். இத்தனை வருடம் அதைத் தின்றவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்டதாக நான் அறியவில்லை. மண்ணுக்கு விலை இருக்கிறது. அந்த மண்ணின் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் பத்திரம் கிடைக்க இத்தனை இழுபறி. எத்தனை மனு, எத்தனை ஊர்வலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் ஆயாவின் கேள்வி எவ்வளவு கனமானது என்று எனக்குப் புரிந்தது. எந்த வருடத்து வீடு என்று அவர் சும்மா கேட்கவில்லை. வருடம் தெரிந்தால்தான் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறினால்தான் இடிக்க வரும்போது கேள்வி கேட்க முடியும். வரலாறு இல்லாத இடத்தைத்தான் 'காலி நிலம்' என்று எழுதுவார்கள். அங்கே குடியிருப்பவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதுவார்கள். சென்னையில் கூவம் ஓரத்தில் நடந்தது நமக்குத் தெரியும்.

பங்களாக்களை இடித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கல்லைச் சுமந்ததும் நம் ஆட்கள்தான், அது நிற்கட்டும். ஆனால் அதன் பலகையில் யார் குடியிருந்தார் என்று எழுதும்போது, யார் கட்டினார்கள், அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்றும் எழுத வேண்டும். ஒரு லைன் வரிசையையாவது, ஒரு தட்டி வீட்டையாவது, இருந்தது இருந்தபடி பாதுகாக்க வேண்டும். பாதுகாக்கிறோம் என்ற பெயரில் அங்கே இருப்பவர்களைக் காலி செய்யக்கூடாது. பத்திரம் முதலில், பலகை பிறகு.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் லைனின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முதலில் குடிவந்தவர் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தச் சுரங்கம், தட்டி எப்போது செங்கல் ஆனது, கூரை எப்போது மாறியது, எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, சங்க நன்கொடைச் சீட்டு எது இருந்தாலும் போனில் படமெடுத்து வையுங்கள். எழுதும்போது பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆண்களின் பெயராவது கம்பெனிப் பதிவேட்டில் இருக்கும். மண் பூசியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் என் தாத்தாவிடம் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் என் ஆய்வில் இன்று பெரிய ஓட்டைகள்.

போன வாரம் அந்த ஆயாவைப் போய்ப் பார்த்தேன். ஆவணத்தில் எங்கே தேடியும் உங்கள் வீட்டு வருடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். பெரிய மகன் பிறந்தபோது தட்டி. அவன் நடக்க ஆரம்பித்தபோது தகரம். மகள் பெரியவளானபோது பின்பக்கச் சுவர், சீட்டுப் பணத்தில் கட்டியது. மாமனார் குடிவந்தது, அவர் சொன்ன கணக்குப்படி, கைரேகை ஸ்ட்ரைக்குக்கு இரண்டு வருடம் முன்னால்.

1928. என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.